பிரேக் மிதித்தால் உதறும் கார்: நண்பனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேரனுக்குக் காது குத்தியதையும், உன் முழங்கால் வலி மட்டுப்பட்டிருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டு கார் விஷயத்துக்கே வருகிறேன். அடுத்த வாரம் முன்பக்க பிரேக் டிஸ்க் இரண்டையும் மாற்ற வண்டியை விடப்போவதாக எழுதியிருக்கிறாய், அதற்கு முன் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும்.

கயத்தாறு சுங்கச்சாவடியை நெருங்கும்போது 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கையில் உதறுகிறது, வேகம் குறையக் குறைய உதறலும் மெதுவாகி அடங்குகிறது, பிரேக்கைத் தொடாவிட்டால் வண்டி அமைதியாகப் போகிறது என்று நீ எழுதிய வரிகளிலேயே பாதி விடை இருக்கிறது. பிரேக்கைத் தொடாதபோதும் உதறினால் வீல் பேலன்ஸையோ டயரையோ சந்தேகிக்கலாம். மணல் கிடக்கும் இடத்தில் அழுத்தி மிதிக்கையில் பெடல் தடதடப்பது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் வேலை. அது பழுதே அல்ல. சக்கரத்தின் வேகத்தோடு கூடிக் குறையும் உதறல் என்றால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் ஒவ்வொரு சுற்றிலும், அதை இறுக்கிப் பிடிக்கும் பேட் எதையோ இடறுகிறது என்று பொருள். 80-இல் சிறிய காரின் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை சுற்றுகிறது; உன் கையில் தெரிவது அந்தத் துடிப்புதான்.

ஸ்டீயரிங்கில் தெரிவதால் முன்சக்கரங்களாகவே இருக்க வேண்டும். பின்பக்கக் கோளாறு பெரும்பாலும் இருக்கையில்தான் தெரியும். உறுதிசெய்ய விரும்பினால், முன்னும் பின்னும் வண்டி வராத, ஈரமில்லாத நேர்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்ட்பிரேக்கை, அதன் பொத்தானிலிருந்து கட்டை விரலை எடுக்காமல், மெல்ல இழுத்துப் பார். பின்சக்கரம் மட்டும் பிடிக்கும்போது உதறல் இல்லையென்றால் பின்பக்க டிரம் பிரேக்கை மறந்துவிடலாம்.

இதெல்லாம் உன் மெக்கானிக்குக்கும் தெரிந்திருக்கும். நான் எழுத வந்தது இதற்கு அடுத்த படியைப் பற்றி. "டிஸ்க் பெண்ட் ஆகிவிட்டது" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதையே சொன்னார்கள். வால்பாறையிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கி, ஆழியாறு சோதனைச் சாவடியில் கொதிக்கும் டிஸ்க்கின் மேல் பேட்டை அழுத்திப் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றவன் நான் என்பதால் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டேன். அப்படி நின்றால் பேட்டின் பொருள் ஓரிடத்தில் மட்டும் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்வது உண்மைதான். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்வது பல நேரங்களில் இந்தத் திட்டுத்தான். புது டிஸ்க் போட்டார்கள். வண்டி வெண்ணெய்போல் நின்றது. ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே உதறல் திரும்பி வந்தது. அந்த ஐயாயிரம் கிலோமீட்டரில் நான் எந்த மலையும் ஏறவில்லை!

இரண்டாம் முறை வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த முதியவர் டிஸ்க்கைக் கழற்றும் முன்பே நுண்ணிய ஆட்டத்தை அளக்கும், காந்த அடிப்பகுதி கொண்ட டயல் கேஜை நிறுத்தி, அதன் முனையை டிஸ்க்கின் விளிம்பருகே வைத்து, டிஸ்க்கை ஒரு சுற்றுச் சுற்றினார். முள் 0.12 மில்லிமீட்டர் ஆடியது. பொதுவாக 0.05-க்குள் இருக்க வேண்டும். பிறகு டிஸ்க்கை எடுத்துக் காட்டினார்: அது உட்காரும் ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், முகத்தில் துரு பொருக்குத் தட்டியிருந்தது. முதல் பட்டறையில் அதைத் தேய்க்காமலே புது டிஸ்க்கை மாட்டியிருக்கிறார்கள். கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்துவிட்டு மாட்டியதும் ஆட்டம் 0.03-க்கு இறங்கியது.

அப்படியானால் முதல் நாளே ஏன் உதறவில்லை என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். கோணலாக உட்கார்ந்த டிஸ்க் சீரான தடிமனோடு இருக்கும்வரை பேட்டுகளைத் தாங்கும் கேலிப்பர் அதனோடு சேர்ந்து அசைந்து கொடுத்துவிடும். ஆனால் பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அதே இடம் பேட்டை உரசிச் செல்கிறது. அந்த இடம் மட்டும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. தடிமனில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒன்றிரண்டு பங்கு வேறுபாடு வந்துவிட்டாலே போதும், பேட் அழுத்தும் விசை சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்கி ஸ்டீயரிங்கை உதறவைக்கும். கோணல் முதல் நாளே வந்துவிட்டது. உதறல்தான் மாதக்கணக்கில் தாமதித்து வந்தது.

இனி உன் கதை. கடைசிப் பத்தியில், போகிற போக்கில், மூன்று மாதங்களுக்கு முன் நான்கு டயர்களையும் மாற்றியதாக எழுதியிருக்கிறாய். என் சந்தேகமெல்லாம் அங்கேதான். டயர் கடையில் ஏர் கன்னால் ஒரு நட்டை அளவுக்கு மீறியும் அடுத்ததைக் குறைத்தும் முடுக்கினால், ஹப்போடு டிஸ்க் பொருந்தும் பகுதி ஒரு பக்கமாக இழுபட்டு, துரு செய்த வேலையையே செய்துவிடும். மூன்று மாதம் என்ற கணக்கும் பொருந்துகிறது. ஆனாலும் அளக்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கேலிப்பர் நகர உதவும் உலோகப் பின்கள் இறுகியிருந்தாலும் பேட் ஓயாமல் உரசும். வண்டி ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகச் சூடாக இருந்தால் அதைப் பார்க்கச் சொல். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் சிறிய துடிப்பும் பெரிதாகத் தெரியும், ஆயினும் துடிப்பை உண்டாக்குவது அதுவல்ல.

ஆகவே மெக்கானிக்கிடம் டிஸ்க் வாங்கும் முன் டயல் கேஜ் வைக்கச் சொல். இல்லையென்றால் அது உள்ள பட்டறைக்குப் போ. ஹப்பைத் தேய்த்துச் சரிசெய்தாலும் தேய்ந்த இடம் தானாக நிரம்பாது. டிஸ்க்கை லேத்தில் சீவியாக வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும். சீவியபின் அதற்குக் கீழே போகுமானால் புதிதுதான் வழி. என்னுடையது 17 மில்லிமீட்டர் டிஸ்க், 15 வரை அனுமதி, சீவியே தப்பித்தேன். நட்டுகளை எதிரெதிராக, முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சில், உன் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கச் சொல்லி, முடியும்வரை பக்கத்திலேயே நில். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

முள் எவ்வளவு ஆடியது என்று இரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் குறித்து எழுது. டிஸ்க்குக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதையும் எழுது, திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்.