பொருள்: விளக்கு எரியாத கீபோர்டு, ஊபியில் உள்ள உங்கள் சேவை மையத்துக்கு மூன்று அலைச்சல், என் மகன்மேல் போட்ட பழி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு மொழியில் எதிலும் எழுதலாம் என்று உங்கள் பக்கத்தில் போட்டிருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ஐந்து மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஐந்துக்கும் ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். பயிற்சித்தாள் தட்டச்சு செய்வதெல்லாம் இரவு பத்துக்கு மேல்தான். மாமியார் ஹாலில் படுப்பதால் விளக்குப் போட முடியாது. ஜூன் கடைசியில் உங்கள் நிறுவன லேப்டாப்பில் எச் விசை செத்துப்போனது. தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் அந்த விசையில்தான் 'க' இருக்கிறது. 'க' இல்லாமல் நாலு வரி எழுதிப் பாருங்கள், என் கஷ்டம் தெரியும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், விளக்கு எரிகிற கீபோர்டாகவே வாங்கிவிடலாம் என்றான் மகன். உங்கள் இணையக் கடையில் லேப்டாப்பின் வரிசை எண்ணைப் போட்டேன். பொருந்தும் என்று பச்சைக் குறி வந்தது. 96 வெள்ளி கட்டினேன்.

மகன் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறான். அவன் கழற்றி மாட்டியதை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பேட்டரி இணைப்பை எடுத்தான். திருகுகளை எடுத்த வரிசைப்படியே முட்டை அட்டைக் குழிகளில் போட்டுவைத்தான். புது கீபோர்டில் இரண்டு ரிப்பன் கேபிள். அகலமானது எழுத்துகளுக்கு, விரல்நக அகலத்தில் இருந்த குட்டி ரிப்பன் விளக்குக்கு. அகலமானது ஒழுங்காகச் செருகிக்கொண்டது. குட்டி ரிப்பனைச் செருக மதர்போர்டில் இடமே இல்லை! கனெக்டர் இருக்கவேண்டிய இடத்தில் நாலு ஈயப் புள்ளிகள் மட்டும் மின்னிக்கொண்டிருந்தன. விளக்கில்லாத மாடலுக்கு அந்த கனெக்டரை நீங்களே வைக்காமல் விட்டிருக்கிறீர்கள். உங்கள் போர்டு, உங்கள் கீபோர்டு, உங்கள் வரிசை எண். ஒன்றோடு ஒன்று சேராது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இதைத்தான் தொலைபேசியில் சொன்னேன். ஒருவர் எஃப்என் விசையோடு ஸ்பேஸை அழுத்தச் சொன்னார். இன்னொருவர் பயாஸ் என்ற லேப்டாப்பின் அடிப்படை அமைப்புக்குள் போய் விளக்கை இயக்கச் சொன்னார். அதுகூடப் பரவாயில்லை. ஜூலை 21 மாலை பேசியவரை என்னால் மறக்கவே முடியவில்லை. "உங்கள் பையன் கனெக்டரைப் பிடுங்கிப் போட்டிருப்பான், தெரியாதவர்கள் ஏன் திறக்கிறீர்கள்?" என்றார். படம் அனுப்பியிருக்கிறேன் என்றேன். "அதையெல்லாம் பார்க்க நேரமில்லை" என்று வைத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மகன் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். அன்றிலிருந்து அந்த லேப்டாப்பை அவன் தொடவே இல்லை. பிடுங்கியிருந்தால் ஈயம் கிழிந்திருக்காதா? அது தொடாத ஈயம் என்று படம் பார்த்தாலே தெரியும்.

அடுத்து ஊபி. முதல் முறை போனபோது புது கீபோர்டையும் பழையதையும் சோதனைக்கு என்று வாங்கிக்கொண்டார்கள். மூன்று வேலைநாள் என்றார்கள். 19 நாள் ஆகிவிட்டது. பொருள் தயார், வந்து பெற்றுக்கொள்ளவும் என்று குறுஞ்செய்தி வந்ததால் இரண்டாவது முறை போனேன். கால்டிகாட்டில் ஒரு ரயில் மாறி, மெக்பர்சனில் இன்னொன்று மாறி, இரண்டு வகுப்புகளை ரத்து செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டு, பொருள் கிடங்கில் இருக்கிறது, குறுஞ்செய்தி தானாகப் போயிருக்கும் என்றார்கள். மூன்றாவது முறை என் பெயரில் பதிவே இல்லையாம். ரசீதைக் காட்டிய பிறகுதான் பதிவு கிடைத்தது. அப்போதும் பொருளைத் தரவில்லை.

கீபோர்டு இருக்கவேண்டிய இடத்தில் இப்போது லேப்டாப்பில் ஓட்டைதான் இருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. ஒரு பிள்ளையின் பெற்றோர் வேறு ஆசிரியரிடம் போய்விட்டார்கள். எல்லாம் கணக்குப் பார்த்தால் எனக்கு 2,000 வெள்ளிக்குக் குறையாமல் நட்டம். என் பிழைப்பையே நிறுத்திவிட்டீர்கள்.

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். முகப்பில் இருந்த தங்கை ஒருவர் தண்ணீர் கொடுத்து அன்பாகப் பேசினார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் சட்டமும் எனக்குத் தெரியும். குறைபாடுள்ள பொருள்களுக்கான சட்டம் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. வாங்கி 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டவேண்டியது நீங்கள், என் மகன் இல்லை. பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன். அங்கும் முடியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை வழக்கை எடுத்துக்கொள்கிறார்கள். என்னைப்போன்ற பயனீட்டாளர் 5,000 வெள்ளிக்குள் கேட்டால் பதிவுக் கட்டணம் 10 வெள்ளிதான். ஊபிக்கு அலைந்த ரயில் காசே அதற்கு மேல் ஆகிவிட்டது.

தயவுசெய்து ஏழு நாளுக்குள் 96 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். என் போர்டுக்குப் பொருந்துகிற சாதாரணக் கீபோர்டு ஒன்றை உங்கள் செலவில் மாட்டித் தாருங்கள். விளக்கு வேண்டாம், 'க' வந்தால் போதும். ஜூலை 21 பேச்சின் பதிவைக் கேட்டுவிட்டு, என் மகனுக்கு எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள். இது இல்லாமல் பணம் மட்டும் வந்தால் விடமாட்டேன்.

நான் இனி ஊபிக்கு வருவதாக இல்லை. ஆளை வீட்டுக்கு அனுப்புங்கள். மூன்று மணிக்கு மேல் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், காலையில் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உட்லண்ட்ஸ் வாடிக்கையாளர்
(ரசீது, போர்டின் படங்கள், குறுஞ்செய்தி இணைப்பில்)