நெடுந்தீவுக் கலப்பு மின்திட்டத்தை உடன் தொடங்கவும் குடிநீர் நிலையத்துக்கு இடைக்கால மின்வசதி வழங்கவும் வேண்டும் மனு

நெடுந்தீவு,
2023.11.15

செயலாளர் அவர்கள்,
தீவக மின்வழங்கலுக்குப் பொறுப்பான அமைச்சு,
கொழும்பு.

பெருமதிப்புக்குரிய ஐயா,

நெடுந்தீவின் கிழக்கு, மத்தி, மேற்குப் பகுதிகளில் வாழும் குடும்பங்களின் சார்பில், ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவனாகிய நான் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

கடந்த ஆண்டும் இவ்வாண்டு சித்திரையிலும் இதே விடயம் குறித்துத் தங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருந்தோம். பதிவுத் தபாலின் பெறுகை அட்டை கையொப்பத்தோடு திரும்பி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கடிதம் கிடைக்கவில்லை என்று சொல்ல இனி இடமில்லை. வாசிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் விசாரித்தபோது, "கோப்பு மேலே போயிருக்கிறது" என்றார் ஒரு பணியாளர். எவ்வளவு மேலே என்று அவருக்கும் தெரியவில்லை.

தாங்கள் யாழ் மாவட்டத்தில் கடமையாற்றிய காலத்தில் இத்தீவுக்கு வந்து போனவர் என்பதை அறிவோம். குறிகட்டுவானில் படகுக்காகக் காத்திருந்ததும், மாவிலித்துறையில் இறங்கியதும், முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே பயணித்ததும் தங்களுக்கு நினைவிருக்கும். ஆகையால் ஊரை விவரித்துத் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியதில்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதத்தில் இங்கு குடை பிடித்துப் பார்த்த எவரும் அதை மறக்கமாட்டார்.

எமது குறைகள் வருமாறு:

1. தேசிய மின்கட்டமைப்பின் கம்பி எங்கள் தீவை வந்தடையவில்லை. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியே இருக்கிறோம். அந்த டீசலும் கடல் கடந்து வரவேண்டும். இயந்திரத்தின் உதிரிப்பாகமும், அதைப் பூட்டத் தெரிந்தவரும் கடல் கடந்தே வரவேண்டும். மாரிக்காலத்தில் கடல் எந்த நாள் விடும், எந்த நாள் விடாது என்று யாரும் சொல்ல முடியாது. 2022 இல் முழு நாடும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களின் கதி என்னவாக இருந்திருக்கும் என்பதைத் தங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

2. இதற்குத் தீர்வாகவே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்று, சூரிய ஒளி, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்த கலப்பு மின்திட்டம் வகுக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியுடன், 2021 ஜனவரியில் அமைச்சரவை அதை ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்க ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு அருகில் சீன நிறுவனமா என்று இந்தியா ஆட்சேபித்தது. 2021 டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவின் 12 தீவுகளில் சூரிய மின்நிலையங்கள் அமைக்க ஒப்பந்தம் செய்திருப்பதையும் கூடவே தெரிவித்தது. பின்னர் 2022 மார்ச் மாத இறுதியில், இந்தியாவின் நன்கொடையில் அதே திட்டத்தை நிறைவேற்றக் கொழும்பில் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. மகிழ்ந்தோம், ஐயா. பொய் சொல்லக்கூடாது, உண்மையிலேயே மகிழ்ந்தோம்.

அதன்பின் ஒன்றரை ஆண்டு கடந்துவிட்டது. காற்றாலைக்கு ஒரு குழிகூட இங்கே வெட்டப்படவில்லை.

3. எங்களை மிக வாட்டுவது இருளன்று. இருளோடு பழகியவர்கள் நாங்கள். அரிக்கன் விளக்கு இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. எங்களை வாட்டுவது தண்ணீர்.

இத்தீவின் அடியில் இருப்பது சுண்ணக்கல். மாரி மழை அதனூடாக இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கும். கோடை நீளநீள அந்தப் படை மெலியும்; கிணற்றில் உப்புத் தலைகாட்டும். சாராப்பிட்டிப் பக்க நன்னீர்க் கிணறுகள் இல்லையென்றால் இந்த ஊர் எப்போதோ காலியாகியிருக்கும் என்பார்கள் பெரியவர்கள். இப்போது கடல்மட்டம் உயர்கிறது, வறட்சி கடுமையாகிறது என்று அரசின் ஆவணங்களே எழுதுகின்றன. அவற்றை வாசிக்க எங்களுக்குக் கொழும்பு வரத் தேவையில்லை, கிணற்றடியிலேயே வாசிக்கிறோம். இவ்வாண்டு ஆவணி வறட்சியில் மேய்ச்சல் வெளிக் குதிரைகள் தண்ணீருக்கு அலைந்ததைப் படம் பிடிக்க வந்தவர்கள் உண்டு. குதிரைகளுக்காவது படம் பிடிக்க ஆள் வந்தது.

ஆகவே சுத்திகரிப்பு இயந்திரத் தண்ணீரையே குடிக்கவும் சமைக்கவும் நம்புகிறோம். அந்த இயந்திரம் உவர்நீரைப் பேரழுத்தத்தில் ஒரு சவ்வினூடாகத் தள்ளி உப்பைப் பிரிக்கிறது. அழுத்தத்துக்கு மோட்டார் வேண்டும்; மோட்டாருக்குச் சீரான மின்சாரம் வேண்டும். மாலையில் மின்னழுத்தம் விழுந்தால் மோட்டார் தானாக நின்றுவிடுகிறது. சவ்வை நன்னீரால் கழுவாமல் இயந்திரம் அடிக்கடி இப்படி நின்றால் உப்புப் படிந்து சவ்வே கெட்டுப்போகும் என்று அதைப் பராமரிக்க வந்தவரே எங்களிடம் சொன்னார். அப்புறம் புதிய சவ்வு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் படகில்தான் வரும்.

மின்சாரம் நின்ற நாளில் தண்ணீர்க் குழாயடியைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். பெண்கள் விடியுமுன் வந்து வெறும் பிளாஸ்டிக் கலன்களை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். ஒவ்வொரு கலனிலும் மையால் பெயர் எழுதியிருக்கும். பெயர் அழிந்த கலனுக்குக் கைப்பிடியில் துணிக்கிழிசல் கட்டியிருக்கும். ஒவ்வொன்றினுள்ளும், அகன்ற வாய் வழியாகப் போட்ட ஒரு முருகைக்கல் கிடக்கும். கல் எதற்கு என்று கேட்டால், காற்றுக்கு. கல் இல்லாவிட்டால் சோளகம் வரிசையோடு கலன்களை அள்ளிக்கொண்டு போய் அடுத்த வேலியில் அடித்துவிடும். யார் முன், யார் பின் என்று பிறகு சண்டை. கர்ப்பிணி ஒருத்தி தன் கலனைத் தேடி வெயிலில் வேலி வேலியாக நடந்ததை என் கண்ணால் கண்டேன்.

ஐயா, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மின்சாரம் இல்லாமல் தண்ணீருக்கு நிற்கிறோம். நிற்கும் இடத்தில் எங்கள் கலனைத் தூக்கிக்கொண்டு போகிற காற்று, மின்சாரம் தரக்கூடிய காற்று. அதைப் பிடிக்க ஓர் இறக்கையை நடுவதற்கு இரண்டு பெரிய நாடுகளும் ஒரு வங்கியும் ஓர் அமைச்சரவையும் ஆண்டுக்கணக்கில் பேசியிருக்கின்றன. நாங்கள் அதே காற்றுக்குக் கல் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

4. பிராந்திய ஒத்துழைப்பு நல்லது. அதற்கு எதிராக ஒரு சொல்லும் சொல்ல மாட்டோம். 2014 நவம்பரில் காத்மண்டுவில் தெற்காசியாவின் சார்க் அமைப்பு நாடுகள் மின்சார ஒத்துழைப்புக்கான சட்டக உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. நேபாளத்து ஆற்று மின்சாரம் இந்தியாவுக்குப் போகிறது. பூட்டானின் மின்சாரம் அதற்கு முன்பிருந்தே போகிறது. கடந்த ஜூலை 21 ஆம் திகதி புதுடில்லியில் ஜனாதிபதி அவர்களும் இந்தியப் பிரதமரும் வெளியிட்ட ஆவணத்தில் இரு நாட்டு மின்கட்டமைப்புகளை இணைப்பது பற்றியும், புதுப்பிக்கத்தக்க வலுசக்தியில் ஒத்துழைப்பது பற்றியும் பேசப்பட்டிருக்கிறது. 2030 ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்பது அரசின் வாக்கு. இம்மாத இறுதியில் துபாயில் காலநிலை மாநாடு. எமது நாட்டுக் குழுவும் போகும்.

எல்லாம் சரி. பாக்கு நீரிணைக்கு மேலால் கம்பி இழுக்கத் திட்டமிடுகிறவர்கள், அந்த நீரிணையின் வாயிலிலேயே இருக்கும் தீவில் முதலில் ஒரு காற்றாலையை நட்டுக் காட்டக்கூடாதா?

எமக்குச் சீனரோடும் பகையில்லை, இந்தியரோடும் பகையில்லை. எந்த நாட்டுப் பொறியியலாளர் வந்தாலும் இளநீர் வெட்டிக் கொடுப்போம். பாதுகாப்புக் கவலை என்று பெரியவர்கள் சொன்னால் அதில் பொருள் இருக்கலாம். எங்களுக்கு அது விளங்காது. ஆனால் அவர்களுடைய கவலை தீரும்வரை எங்கள் தாகம் காத்திருக்க வேண்டும் என்று எந்த உடன்படிக்கையிலாவது எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அதன் பிரதியொன்றை அனுப்பிவையுங்கள்.

5. முடியாத காரியமென்று சொல்லவும் வழியில்லை. பக்கத்து எழுவைதீவில் காற்றும் சூரிய ஒளியும் மின்கலமும் டீசலும் சேர்ந்த அமைப்பு ஏற்கெனவே நிறுவப்பட்டது.

6. செலவு. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மீண்டும் ஏறியது. அதே 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. சிறு வள்ளம் வைத்திருப்பவனுக்குக் கடலுக்குப் போவதே நட்டம் என்றானது. அவன் மனைவி தண்ணீருக்காக ஒரு பகலைக் குழாயடியில் கழித்தால் அவளுடைய நாட்கூலியும் போகும். டீசலை எரித்துத் தண்ணீர் செய்கிறோம், எரித்த டீசல் வெப்பத்தைக் கூட்டுகிறது, வெப்பம் கடலை உயர்த்துகிறது, கடல் கிணற்றை உவராக்குகிறது, மறுபடியும் டீசல். இந்தச் சுழற்சியில் எந்த இடத்தில் அரசுக்கு மிச்சம் என்று கணக்குத் தெரிந்தவர் யாராவது எங்களுக்கு விளக்க வேண்டும்.

ஆகவே, ஐயா, எமது வேண்டுகோள் இது. பெரிய திட்டம் பெரியவர்களின் பேச்சு முடிந்து வரட்டும். ஆனால் அது எந்த மாதம் தொடங்கும், யார் பொறுப்பு என்பதை எழுத்தில் அறியத் தாருங்கள். அதற்கிடையில் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மட்டுமாவது தனியாகச் சூரிய மின்தகடுகளைப் பொருத்தித் தாருங்கள். நிலையத்தின் கூரையும் பின்புறத்து வெறுங்காணியும் அதற்குப் போதும். பகலில் வெயிலோடு வெயிலாக இயந்திரத்தை ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டால், இரவுக்குப் பெரிய மின்கலமும் தேவைப்படாது. மின்சாரத்தைச் சேமிப்பதைவிடத் தண்ணீரைச் சேமிப்பது மலிவு. இதற்கு டில்லியையோ பெய்ஜிங்கையோ கேட்க வேண்டியதில்லை. தங்கள் கையொப்பம் ஒன்று போதும்.

மழை தொடங்கிவிட்டது, கிணறுகள் ஊறும், இனி என்ன அவசரம் என்று தாங்கள் எண்ணக்கூடும். மாரி முடிந்து பங்குனி வந்தால் மறுபடி உப்பு வரும். தகடுகளைப் படகேற்றி இறக்கிப் பொருத்த அதற்கு முன் இருக்கும் காலம் இதுதான். தை பிறந்து கடல் அடங்கியதும் பொருட்களை ஏற்றலாம். அதற்கு இப்போதே உத்தரவு எழுதப்பட வேண்டும். சித்திரையில் எழுதப்படும் உத்தரவு ஆவணிக்கு வந்து சேரும். அது எங்களுக்குப் பயன்படாது.

மீண்டும் கேட்கிறோம்: தண்ணீர் நிலையத்துக்குச் சூரிய மின்வசதி, பங்குனிக்கு முன். கலப்பு மின்திட்டத்துக்கு ஒரு திகதி. இவ்விரண்டையும் தவிர இம்மனுவில் நாங்கள் வேறெதையும் கேட்கவில்லை. வீதி கேட்கவில்லை, புதிய படகு கேட்கவில்லை. கேட்க நிறைய இருந்தும் கேட்கவில்லை.

தங்கள் பதிலைத் தபாலில் அனுப்பினால் படகு ஓடாத நாட்களில் தங்கிவிடும். பிரதேச செயலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தாலும் போதும்; அறிவித்தல் பலகையில் அதை எழுதி ஒட்டிக்கொள்கிறோம். முடியாது என்பதுதான் பதிலென்றால் அதையும் சொல்லுங்கள். வேறு கதவைத் தட்டுவோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
நெடுந்தீவு மக்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

இணைப்பு: குடும்பத் தலைவர்களின் கையொப்பங்கள், சித்திரை மாத மனுவின் பிரதி, பெறுகை அட்டையுடன்.