பார்சலில் இருந்த சீட்டு

குன்னூர்
9.11.2025

அன்புள்ள கண்ணு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். மூன்று மாதத்தில் நாலு தடவை பேசினோம். நாலையும் சேர்த்தால் பத்து நிமிடம் தேறாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் பழைய ஹெரால்டு காருக்கு நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்துவிட்டது. முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன் இரண்டு, வெர்டிகல் லிங்க் இரண்டு, ரப்பர் புஷ் ஒரு பை, எல்லாம் சரியாக இருக்கின்றன. பெட்டியின் ஒரு மூலை மழையில் நனைந்திருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. அனுப்பியவர் முகவரி மட்டும் வேறாக இருந்தது. நீ வழக்கமாக எழுதும் வீட்டு எண் இல்லை, தெருவும் அது இல்லை. அம்மா கேட்டாள். ஆபீஸ் முகவரியாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன். அந்த அட்டையை வெட்டி என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி வெறும் பிரட்டோடு படுக்காதே.

இங்கே ஐப்பசி முழுக்க மழை. பர்லியாறு பக்கம் மண் சரியுமோ என்ற பயத்தில் மேட்டுப்பாளையம் பாய் இரண்டு வாரம் மேலே வரவில்லை. போன செவ்வாய்தான் வந்தார். நானும் பக்கத்து வீட்டுப் பையனும் அதுவரை சும்மா இருக்கவில்லை. ஹெரால்டை முழுதாகப் பிரித்தாயிற்று. அந்த வண்டியின் வசதி உனக்கு ஞாபகம் இருக்கும். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் கை வைக்கலாம். நீ ஏழாவது படிக்கும்போது அந்த டயர் மேல் உட்கார்ந்துதான் எனக்கு டார்ச் பிடிப்பாய். கை வலித்தாலும் சொல்ல மாட்டாய். வெளிச்சம் மெதுவாகக் கீழே இறங்கும், அதை வைத்துத்தான் நான் தெரிந்துகொள்வேன்.

பாடியும் சேசிஸும் தனித்தனி என்பதால் போல்ட்டைக் கழற்றிப் பகுதி பகுதியாகத் தூக்கி ஷெட் சுவரில் சாய்த்துவிட்டோம். டிரைவர் பக்கத் தரைத் தகரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். வர்க்கியில் குத்தியது போல் உள்ளே போய்விட்டது. இத்தனை வருடம் தார்ப்பாய் போட்டுப் பொத்திப் பொத்தி வைத்ததுதான் கெடுதல் என்று பாய் சொல்கிறார். நம் ஊர் மூடுபனியின் ஈரம் தார்ப்பாய்க்கு உள்ளேயே நின்று தகரத்தைத் தின்றிருக்கிறது. அவர் புதுத் தகரம் வெட்டிப் பற்றவைத்தார், நான் பிரைமர் அடித்தேன். பம்பர் இரண்டும் குரோம் போடக் கோயம்புத்தூர் போயிருக்கின்றன. பெட்ரோல் ட்யூப் எல்லாம் புதுசு. இப்போது பங்கில் ஊற்றும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பர் அதற்குத் தாங்காமல் உப்பிப் போகிறது. பம்பின் டயாபிரத்தையும் மாற்றிவிட்டோம். வயரிங்கை எலி கடித்திருந்தது, அது தனிக் கதை.

ஒன்று சொல்ல மறந்தேன். கோவென்ட்ரி உனக்குப் பக்கம்தானே? 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு பிறந்த ஊர் அது. இங்கே 1961இலிருந்து மதராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று செய்தார்கள். நம் வண்டி போல நாலு கதவு வைத்த ஹெரால்டு அந்த ஊரில் கிடையாது, மதராஸில் செய்தது மட்டும்தான். உன் ஆபீஸில் பழைய வண்டிப் பிரியர் யாராவது இருந்தால் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது என்று சொல். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதையும் சொல். குன்னூர் மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் பெரிய வண்டிகள் திணறும்போது இது பாட்டுக்கு ஒடிந்து திரும்பும். உன் சின்ன மாமா அதைப் பார்த்துத்தான் விலைக்குக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. உனக்கென்று வைத்திருந்தேன். நீ அதைத் தொட்டு 22 வருடம் ஆகிறது.

மருமகளைக் கேட்டதாகச் சொல். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவிடம் பேசும் பெண், ஆடிக்குப் பிறகு பேசவில்லை. வேலை அதிகமாக இருக்கும். அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனைச் சார்ஜில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒன்றும் கேட்பதில்லை. நீயும் ஒன்றும் சொல்ல வேண்டாம், சொல்லத் தோன்றினால் சொல். எங்களால் தாங்க முடியாதது என்று எதுவும் இல்லை.

சாப்பாட்டு விஷயம் மறுபடி சொல்கிறேன் என்று கோபப்படாதே. போன தடவை போனில் பார்த்தபோது கழுத்து எலும்பு தெரிந்தது. அப்புறம் நீ கேமராவை அணைத்துவிட்டாய். குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சரி. அந்தச் சீட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ட்ரன்னியனைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையில் உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. "அப்பா, இதற்கு கிரீஸ் போட வேண்டாம். 90 நம்பர் கியர் ஆயில் மட்டும்." அவ்வளவுதான். முதலில் படித்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உனக்கு என்ன தெரியும், நான் 31 வருடம் டீ பேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்த்தவன் என்று ஒரு நினைப்பு. ரோலருக்கு எது, டிரையர் பேரிங்குக்கு எது என்று ஊரில் உள்ள பிட்டர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

புதன்கிழமை வலது பக்கத்தைக் கழற்றினேன். அந்தப் பக்கம் இதுவரை மாற்றவே இல்லை, வண்டியோடு வந்தது. லிங்கின் அடிமுனையில் மரை இருக்கிறதே, அது வெண்கல ட்ரன்னியனுக்குள் திருகி உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் உள்ளே சுழலும். பிரித்தெடுத்தால், மேலே என் கிரீஸ் பழைய புளி மாதிரிக் கறுத்து இறுகிக் கிடக்கிறது. அடி மரையில் ஒரு சொட்டுப் பசை இல்லை. தண்ணீர் இறங்கி, மரையின் பள்ளத்திலெல்லாம் சிவப்புத் துரு. துணியால் துடைத்தேன், ஒரு மரை உதிர்ந்து கையோடு வந்தது. எண்ணெய் என்றால் வழிந்து அடிவரை போயிருக்கும். கிரீஸ் போகாது. மேலேயே அடைத்துக்கொண்டு நின்றுவிடும்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது கண்ணு. பையனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, அலமாரியின் மேல்தட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். அதில் 2003இல் எல்லநள்ளி வளைவில் உடைந்த இடது லிங்கின் துண்டு இருக்கிறது. அன்றைக்கு எண்ணெய்த் துணியில் சுற்றிப் போட்டது, ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. முற்றத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்தேன். உடைந்த வாயில் முக்கால் பாகம் கறுப்பு. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மட்டும் வெள்ளையாக மினுங்குகிறது. இதைப் படிக்க எனக்குத் தெரியும். பேக்டரியில் எத்தனை ஷாஃப்ட் உடைந்து பார்த்திருக்கிறேன். குழியில் விழுந்த வேகத்தில் உடைந்திருந்தால் வாய் முழுக்க வெள்ளையாக இருக்கும். இது மாசக்கணக்கில் உள்ளேயே விரிந்து விரிந்து, கடைசியில் அந்த நகக்கண் அளவு மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்த நேரத்தில் அதுவும் விட்டுவிட்டது. அன்றைக்கு உன் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் சக்கரம் மடிந்துதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கிரீஸ் கன்னை எடுத்து எல்லா நிப்பிளுக்கும் ஒரே மாதிரி அடித்தது நான். வண்டியோடு வந்த கையேடு பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. அதில் ட்ரன்னியனுக்கு ஆயில் என்றுதான் போட்டிருக்கிறது. வண்டி வாங்கிய 1989இலிருந்து அது நம் வீட்டில்தான் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

உனக்கு அப்போது 19 வயது. பாட்டியைக் கேத்தியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாய். நல்லவேளை, வண்டி மேட்டுப்பக்கம் சாய்ந்தது. நான் பஸ்ஸில் வந்து இறங்கி, உனக்கு அடிபட்டதா என்றுகூடக் கேட்காமல், அத்தனை பேர் பார்க்கக் கை ஓங்கினேன். "கண்ணை எங்கே வெச்சு ஓட்டினே" என்று கேட்டேன். பாட்டி, "பையன் மெதுவாத்தான்டா வந்தான்" என்றாள். சாகும்வரை அதைச் சொன்னாள். செல்லம் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சாவியை டி.வி. மேல் வைத்துவிட்டுக் காலேஜுக்குப் போனாய்.

அதோடு விட்டேனா? உன் கல்யாணத்துக்குப் பிறகு, உன் மாமனார் முன்னால், "அவன் கைக்கு வண்டி ஒத்துவராது" என்று சொல்லிச் சிரித்தேன். மருமகள் ஓட்ட நீ பக்கத்தில் உட்கார்ந்து வந்ததைப் பார்த்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இன்னும் நீ லைசென்ஸ் எடுக்கவில்லை. அங்கே குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறாய் என்று அம்மா அழுதபோதும் உன்னைத்தான் குறை சொன்னேன். தப்பு என்னுடையது. உன்மேல் ஒரு துளிகூட இல்லை. இதைப் பாட்டி இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

உனக்கு எப்போதிருந்து தெரியும் கண்ணு? பார்ட்ஸ் தேடும்போது தெரிந்ததா, அதற்கும் முன்னாலேயே தெரியுமா? தெரிந்தும் ஒரு வரி எழுதி உள்ளே வைத்துவிட்டுச் சும்மா இருந்தாய். எனக்கு அதுதான் தாங்கவில்லை. மற்ற விஷயங்களிலும் நீ இப்படித்தான் இருப்பாயோ என்று ராத்திரியில் தோன்றுகிறது. யார் என்ன சொன்னாலும் வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாயோ என்று.

அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய்ப் பருப்புப்பொடி அரைக்க ஆரம்பித்தாள். அது தனிப் பார்சலில் வரும்.

வலது பக்கம் மாட்டியாயிற்று. பழைய நிப்பிளை எடுத்துவிட்டு, 90 நம்பர் ஆயிலை அடியில் கசியும்வரை ஏற்றினேன். இரண்டு பக்கத்துக்கும் மரை ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அதைக் குறித்து வைத்திருக்கிறேன். இடது பக்கத்தை மாட்டவில்லை. நீ மாசியில் வருவதாக முன்பு சொன்னாய். லீவு கிடைத்தால் வா. நான் டார்ச் பிடிக்கிறேன். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி 'வி.ஏ.' என்ற விண்டேஜ் நம்பர் வாங்கலாம் என்று பாய் சொல்கிறார், 1970 மாடல் என்பதால் நமக்கு அது பொருந்தும். ஆனால் அந்த நம்பர் போட்டால் தினமும் ஓட்டக் கூடாதாம். நான் வேண்டாம் என்றுவிட்டேன். நீ வந்தால் எல்லநள்ளி வழியாகக் கேத்திவரை நீ ஓட்ட வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.

தனியாக வந்தாலும் வா.

இந்தக் கடிதத்தைப் பார்சலில் இருந்த புது முகவரிக்கே அனுப்புகிறேன். வீட்டு எண் 7ஆ 1ஆ என்று மழையில் நனைந்து சரியாகத் தெரியவில்லை, 7 என்று போட்டிருக்கிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா