ஓல்ட் டாமுக்கு 29 மதிப்பெண்ணா?

ஸ்டாக்போர்ட்

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய மதிப்பெண் தாள் கிடைத்தது. பீர் நடுவர் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கு உன் அம்மா என்னிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. இப்போது என்னடாவென்றால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் தாளை என்னைவிடக் கவனமாகப் படிக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓல்ட் டாமுக்கு 50க்கு 29 போட்டிருக்கிறாய். நீ வளர்ந்த ஊரின் பீர் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை (கொஞ்சம் அதுவும் உண்டு). ஆனால் நீ சொல்லும் காரணங்கள் எனக்கு ஒத்துவரவில்லை.

"மணம் மந்தம், ஹாப்ஸ் வாசனை இல்லை, நுரை சீக்கிரம் அடங்கிவிட்டது, தித்திப்பு அதிகம்" என்று எழுதியிருக்கிறாய். தாளின் ஓரத்தில் சின்னதாக "4 டிகிரி" என்றும் இருக்கிறது. அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிவிட்டாய். 8.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஏல் வகை பீரை அந்தக் குளிரில் மோந்தால் மூக்குக்கு என்ன எட்டும்? ஈஸ்ட் உண்டாக்கும் பழ வாசனை ஆவியாகி மேலே வந்தால்தான் தெரியும். குளிர் அதை எழும்பவே விடாது. 12, 13 டிகிரிக்கு வரட்டும். பாட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டு வேறு வேலை பார். அப்புறம் வாய் குறுகிய கிளாஸில் பாதிக்கும் கீழே ஊற்றி, ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார். முதலில் உலர்ந்த திராட்சை வரும். அதன் பின்னால் கருப்பட்டிப் பாகு காய்கிற வாசனை. இன்னும் கொஞ்சம் சூடு ஏறினால் போர்ட் ஒயின் சாயல். குடிக்கக் குடிக்க மாறிக்கொண்டே போகும். அதனால் முதல் மடக்கில் போட்ட மதிப்பெண்ணைக் கடைசி மடக்கில் திருத்தாத நடுவரை நான் நம்ப மாட்டேன்.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் அந்த ஹாப்ஸ் பூவின் வாசனைக்கு வருவோம். டொரொன்டோவில் ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ பீர் குடித்துப் பழகிய மூக்கு அதைத் தேடத்தான் செய்யும். ஆனால் உன் நடுவர் தேர்வு வழிகாட்டியிலேயே ஓல்ட் டாம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று புரட்டிப் பார். 17டி, ஆங்கில பார்லிவைன். பெயரில்தான் வைன், உள்ளே கனமான பீர். ஹாப்ஸ் தூக்கலாக இருக்கும் அமெரிக்க பார்லிவைனை 22சி என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டியதை இங்கே வந்து கேட்டால் எப்படி? இங்கே பேச வேண்டியது மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. நுரை விஷயமும் அப்படித்தான். ஆல்கஹால் ஏற ஏற நுரை நிற்பது குறையும். எப்படியும் தோற்றத்துக்கு மொத்தமே 3 மதிப்பெண்தான், அதற்குப் போய் இரண்டு வரி எழுதியிருக்கிறாய்.

நீ இங்கே இருந்தபோது இதன் கதையைச் சொன்னேனா என்று நினைவில்லை. நம் ஊர் லோயர் ஹில்கேட் தெருவில் யூனிகார்ன் இன் என்ற விடுதியை 1838இல் வில்லியம் ராபின்சன் வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓல்ட் டாமைச் செய்யும் ராபின்சன்ஸ் ஆலை. 1899இல் அவர்களுடைய தலைமை பீர் தயாரிப்பாளர் தன் குறிப்பேட்டில் ஒரு பூனை முகத்தை வரைந்து வைத்தார். ஆலையில் திரிந்த பூனை அது. பீருக்கும் அதன் பெயரே வந்தது. லேபிளில் இன்றைக்கும் பூனைதான்.

உன்னோடு நான் முக்கியமாக மல்லுக்கட்ட நினைப்பது சுவைப் பகுதியில். "ஆக்சிஜன் பட்ட சுவை, குறை" என்று எழுதி 3 மதிப்பெண் வெட்டியிருக்கிறாய். எந்த மாதிரிச் சுவை என்று எழுதவில்லையே, கண்ணு! நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் வெட்டு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஷெர்ரி, அத்திப்பழம், தோல் வாசனை என்று போனால் அது முதிர்ச்சி. இரண்டுக்கும் காரணம் ஆக்சிஜன்தான், ஆனாலும் ஒன்றைத் தண்டிக்க வேண்டும், இன்னொன்றைப் பாராட்ட வேண்டும். கனமான ஏல்கள் முதிர்வதற்கென்றே செய்யப்பட்டவை. பரி செயின்ட் எட்மண்ட்ஸில் கிரீன் கிங் ஆலைக்காரர்கள் 12 சதவீத ஏலைப் பெரிய ஓக் தொட்டிகளில் இரண்டு வருடம் போட்டுவைத்து, இளசான ஏலோடு கலந்து ஸ்ட்ராங் சஃபோக் என்ற பீரைச் செய்து வந்தார்கள். அந்தக் காலத்து ஆங்கில ஏல்களுக்கு அந்தத் தனி வாசனை எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்துதான் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாசன் 1904இல் பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட்டைப் பற்றி அறிவித்தார். ஓல்ட் டாமில் அது தெரிந்தால் குறைதான், ஆனால் இந்தக் கனமான ஏல் வகையின் பழைய வழக்கம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் மதிப்பெண் இது: மணம் 12க்கு 10, தோற்றம் 3க்கு 3, சுவை 20க்கு 16, வாயில் உணரும் கனம் 5க்கு 4, மொத்த அபிப்பிராயம் 10க்கு 8. ஆகமொத்தம் 41. சுவையில் ஏன் 4 குறைத்தேன் என்றால், விழுங்கிய பிறகும் தித்திப்பு நாக்கை விட்டுப் போக மறுக்கிறது. இன்னும் ஒரு பிடி கசப்பு இருந்தால் நன்றாக இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் நீ எழுதியது சரி. மற்றபடி 29 என்பது "நல்லது" வரிசையின் மேல் விளிம்பு. என் கணக்கில் இது இரண்டு வரிசை மேலே, 38இலிருந்து 44க்குள் நிற்க வேண்டிய பீர்.

முதிர்ச்சி பற்றிச் சந்தேகம் இருந்தால் ஜே.டபிள்யூ. லீஸ் ஹார்வெஸ்ட் ஏல் தேடிப் பார். மான்செஸ்டருக்கு வடக்கே மிடில்டனில் செய்கிறார்கள். 1986இலிருந்து வருவது, 11.5 சதவீதம், பாட்டிலில் வருடம் போட்டிருக்கும். இரண்டு வேறு வருடத்து பாட்டில்கள் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மோந்து பார். ஆனால் தனியாக உட்கார்ந்து இரண்டையும் காலி செய்யாதே, தோழிகளைக் கூப்பிடு. ஓல்ட் டாம் 330 மில்லியே இங்கத்திய ஆல்கஹால் கணக்கில் 2.8 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட் தாண்டக்கூடாது என்பது இங்கே மருத்துவர்கள் சொல்வது. இதைக் கட்டாயம் எழுதச் சொன்னது அம்மா.

இன்னொரு பாட்டில் வாங்கி, 12 டிகிரியில் மறுபடி மதிப்பிட்டு அனுப்பு. 38க்குக் கீழே போட்டாலும் எனக்குச் சம்மதம்தான், ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா