ஏன் தனியாகப் படிக்கிறார்கள் என்று கேட்டாயே, அக்கா

பிலடெல்பியா,
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாகிவிட்டது என்று அண்ணன் சொன்னார். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல், தலைக்குக் குளிக்க இப்போதைக்கு விடாதே. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் பழகிவிட்டாள். மற்றதெல்லாம் போனில் பேசினதுதான்.

போனில் நீ ஒன்று கேட்டாய். "கறுப்பினப் பெண்கள் மட்டும் தனியாக ஒரு வாசகர் வட்டம் வைத்துக்கொள்வது என்ன நியாயம்? புத்தகம்தானே, எல்லாரும் சேர்ந்து படித்தால் என்ன?" என்றாய். பக்கத்தில் பாப்பா கத்திக்கொண்டிருந்தாள், இரண்டு வார்த்தையில் சொல்கிற விஷயமும் இல்லை அது. அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

இந்த விசாவில் எனக்குச் சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் பக்கத்து நூலகத்துக்குத் தன்னார்வலராகப் போகிறேன். நாங்கள் இருக்கும் ஜெர்மன்டவுன் மிகப் பழைய பகுதி. அடிமை முறை தவறு என்று 1688இலேயே நான்கு பேர் ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டது இந்த ஊரில்தான். அமெரிக்கக் குடியேற்றங்களில் அப்படி எழுந்த முதல் எதிர்ப்பு அது என்று சொல்கிறார்கள். இன்றைக்கு இங்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள்தான் வசிக்கிறார்கள். நூலகத்தின் பின்பக்க அறையில் மாதம் ஒரு சனிக்கிழமை இந்தப் பெண்கள் கூடுகிறார்கள்.

பஸ் ஓட்டுகிறவர், நர்ஸ், பள்ளி ஆசிரியை, தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், கல்லூரியில் படிக்கும் பெண் என்று எல்லா வகையிலும் ஆள் உண்டு. வயதில் பெரியவர்களை வெறும் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அந்த மரியாதையைப் பார்த்ததும் எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது. அவர்கள் கொண்டுவரும் புத்தகங்களை நீ பார்க்க வேண்டும்! ஓரமெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் துண்டுத் தாள் ஒட்டி, பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு புத்தகமும் இரண்டு மடங்கு தடிமனாகியிருக்கும். நூலகப் பிரதியில் கோடு போட முடியாதே என்று பலரும் சொந்தக் காசில் வாங்கிவிடுகிறார்கள். அதிலும் முடிந்தவரை கறுப்பினத்தவர் நடத்தும் கடையில்தான் வாங்குவார்கள். இந்தப் பகுதியில் அப்படி ஒரு கடை, 2017இல் தொடங்கியது, அங்கிள் பாபீஸ் என்று பெயர். அங்கே காபியும் கிடைக்கும்.

எனக்கு அங்கே நாற்காலி போடுவதும் காபிப் பாத்திரத்தைச் சூடாக்கி வைப்பதும்தான் வேலை. பேச்சு ஆரம்பித்ததும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவேன். வருஷத்தில் ஒரு தடவை மட்டும், கோடையில், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அழைக்கிறார்கள். இந்தக் கோடையில் நானும் போய் உட்கார்ந்தேன். வெறுங்கையோடு எப்படிப் போவது? காராமணிச் சுண்டல் தாளித்து எடுத்துக்கொண்டு போனேன். தூக்கைத் திறந்ததும் நர்ஸ் அம்மா, "இது எங்கள் புத்தாண்டுப் பயறு ஆயிற்றே!" என்றார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் இந்தப் பக்கம் வந்த பயறாம் அது. ஜனவரி முதல் தேதி அதைச் சமைத்துச் சாப்பிட்டால் வருஷம் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் வழக்கம். தேங்காய்த் துருவலோடு அவர்கள் அதைச் சாப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. தூக்கு காலி.

அன்று பேச எடுத்துக்கொண்டது ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பினப் பெண் எழுத்தாளரின், 1937இல் வந்த 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவல். நானும் அதைப் படிக்க முயன்றேன். உரையாடலெல்லாம் ஃப்ளோரிடா கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் இருக்கும். கண்ணால் படித்தபோது பாதிக்கு மேல் பிடிபடவில்லை. தபால் இலாகா அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு பக்கம் வாய்விட்டுப் படித்தார் பார், ஒவ்வொரு வரியும் அப்படியே விளங்கிவிட்டது! கரிசல் கதைகளை அப்பா சத்தமாகப் படிக்கும்போது நமக்கு இருக்குமே, அதே மாதிரி. படிக்கிற இடத்துக்கு இடம் 'ம்ம்', 'ஆமாம்', 'சொல்லு' என்று கூடவே குரல் கொடுக்கிறார்கள். அமைதியாகக் கேட்பது அங்கே மரியாதை ஆகாது போலிருக்கிறது.

அந்த எழுத்தாளரின் கதையையும் உனக்குச் சொல்ல வேண்டும். ஹர்ஸ்டன் கடைசிக் காலத்தில் வீட்டு வேலைக்குக்கூடப் போயிருக்கிறார். 1960இல் ஏழ்மையில் இறந்தார். அடக்கம் செய்யச் சுற்றியிருந்தவர்கள் பணம் திரட்டினார்கள், கல்லறைக்கு ஒரு கல் கிடையாது. அவருடைய காகிதங்களைக் குப்பையோடு எரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த வழியே வந்த, அவரைத் தெரிந்த ஒரு காவல் அதிகாரி தண்ணீர் விட்டு அணைத்ததால்தான் மிச்சமிருந்தது பிழைத்தது. ஓரம் கருகிய அந்தத் தாள்கள் இப்போது ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1973இல் ஆலிஸ் வாக்கர் என்ற கறுப்பின எழுத்தாளர் புதர் மண்டிய இடுகாட்டில் தேடிப் போய்க் கல் நட்டார். நாவலோ அச்சிலேயே இல்லை. படித்தவர்கள் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் 1978இல் மறுபடி அச்சுக்கு வந்தது, இன்று பள்ளிகளில் பாடம். புத்தகம் போடுகிறவர்கள் மறந்துபோன ஒன்றை வாசகிகள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், அக்கா. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைந்துபோகிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

தென் கரோலினாவில் 1740லேயே ஒரு சட்டம் போட்டார்கள். அடிமைக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தால் நூறு பவுண்டு அபராதம். அப்புறம் 1830களில் வர்ஜீனியா, அலபாமா என்று வரிசையாகத் தெற்கு மாநிலங்களில் இதே மாதிரித் தடைகள். அதே காலத்தில், 1831இல், இந்த பிலடெல்பியாவில், அடிமைகளாக இல்லாத கறுப்பினப் பெண்கள் ஒன்றுகூடி ஓர் இலக்கியச் சங்கம் தொடங்கினார்கள். சாரா மேப்ஸ் டக்ளஸ் என்ற ஆசிரியை அதில் முக்கியமானவர். எழுதியதைப் பேர் போடாமல் ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக் குறை நிறை சொல்வார்கள். யார் எழுதியது என்று தெரியாததால் யாருக்கும் மனம் நோகாது. நன்றாக இருந்தவை, அடிமை முறையை எதிர்த்த 'லிபரேட்டர்' பத்திரிகையில் அச்சாயின. கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்!

சேர்ந்து இருக்கவும் விட்டார்களா என்றால், அதுவும் இல்லை. 1838 மே மாதம் இதே ஊரில் பென்சில்வேனியா ஹால் என்று ஒரு பெரிய மண்டபம் திறந்தார்கள். அடிமை முறையை எதிர்த்த பெண்கள், கறுப்பும் வெள்ளையுமாகச் சேர்ந்து அங்கே மாநாடு கூடினார்கள். திறந்த நான்காம் நாள் ஒரு கும்பல் வந்து மண்டபத்தைக் கொளுத்தியது. தீயணைக்க வந்தவர்கள் பக்கத்துக் கட்டடங்களுக்கு மட்டும் தண்ணீர் அடித்தார்களாம்.

இதெல்லாம் அந்தக் காலம் என்பாய். 2015 ஆகஸ்டில் நடந்ததைக் கேள். கலிஃபோர்னியாவில் ஒரு வாசகர் வட்டத்துப் பெண்கள் பதினோரு பேர், நாபா பள்ளத்தாக்கில் ஓடும் சுற்றுலா ரயிலில் ஏறிப் புத்தகம் பேசப் போனார்கள். பத்துப் பேர் கறுப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர். சத்தமாகச் சிரிக்கிறார்கள் என்று சொல்லி, பெட்டி பெட்டியாக எல்லார் கண் முன்னாலும் நடத்திக் கூட்டிப்போய் பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். ஸ்டேஷனில் போலீஸ் நின்றது. அவர்களில் ஒருவருக்கு வயது 83. பிறகு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, வழக்கும் சமரசத்தில் முடிந்தது. எங்கள் வட்டத்தில் எல்லாருக்கும் இந்தக் கதை மனப்பாடம். கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். ஒருவரும் அதட்டப் போவதில்லை என்று தெரிந்து சிரிக்கிற சிரிப்பு அது.

நர்ஸ் அம்மா ஒரு நாள் நாற்காலி மடிக்கும்போது சொன்னார்: "நாள் முழுக்க வேலையிடத்தில் நான் யார், ஏன் இப்படிப் பேசுகிறேன், என் தலைமுடி ஏன் இப்படி என்று விளக்கம் சொல்லியே களைத்துப்போகிறேன். இங்கே வந்தால் நேராகப் புத்தகத்துக்குப் போய்விடலாம்." இதற்கு மேல் நான் என்ன சொல்ல, அக்கா? அந்த அறைக்குள் எனக்கு மாதாமாதம் இடமில்லை என்பதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் கிடையாது. கோடையில் கூப்பிட்டால் போவேன், மற்ற நாளில் காபி போட்டு வைப்பேன்.

இப்படி நாடு முழுக்க வட்டங்கள் இருக்கின்றன. நியூயார்க்கின் ப்ரூக்ளினில் குளோரி எடிம் என்ற பெண்ணுக்கு, 'நிறையப் படித்த கறுப்பினப் பெண்' என்று பொருள்படும் ஆங்கில வாசகம் போட்ட ஒரு டி-ஷர்ட்டை அவருடைய துணைவர் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு போன இடத்திலெல்லாம் பெண்கள் நிறுத்திப் புத்தகம் பேச, 2015இல் அதே பெயரில் ஒரு வட்டம் பிறந்துவிட்டது. 2017இல் பெரிய இலக்கிய விழாவே எடுத்தார்கள். பாப்பா பெரியவளானதும் அங்கே ஒருமுறை கூட்டிப்போக ஆசை.

இன்னொரு முக்கியமான விஷயம். அடுத்த கோடைக் கூட்டத்துக்கு உங்கள் மொழியில் ஒரு பெண் எழுதியதைச் சொல் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் யோசிக்கவே இல்லை, பாமாவின் 'கருக்கு' என்றேன். ஒரு தலித் பெண் தன் வாழ்க்கையைச் சொல்லும், 1992இல் வந்த புத்தகம், லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் செய்திருக்கிறார், இங்கே வாங்கலாம். சாதி என்றால் என்ன என்று தபால் இலாகா அம்மா என்னிடம் கேட்கத் தொடங்கிவிட்டார். அவரே படித்துவிட்டுக் கேட்கட்டும் என்று இருக்கிறேன். கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும், அதற்கு எனக்கு உன் உதவி வேண்டும். நீ பென்சிலால் குறிப்பு எழுதி வைத்திருக்கும் தமிழ்ப் பிரதி மாடி அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கும். டிசம்பரில் சித்தப்பா வரும்போது மறக்காமல் கொடுத்துவிடு. வேறு எந்தப் புத்தகம் சரியாக இருக்கும் என்று உனக்குத் தோன்றினாலும் எழுது. ஆங்கிலத்தில் வந்திருக்க வேண்டும், அது மட்டும் பார்த்துக்கொள்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். அத்தானுக்கு என் அன்பு.

உன் அன்புத் தங்கை