கால்வாயின் மறுகரை பழவேற்காடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆம்ஸ்டர்டாம் படகு உலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மகள் குடும்பம் அந்த ஊரை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனில் இருக்கிறது. போன ஆண்டு மே மாதம் நானும் மனைவியும் அங்கே போய்த் தங்கியிருந்தோம். அதனால் கட்டுரையில் வந்த பாலங்கள் எல்லாம் கண்முன் வந்து போயின. 'கண்ணாடி போன்ற தண்ணீர்' என்று எழுதியிருப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோயில் குளத்துப் பாசி நிறம்தான் அது. கால்வாயின் ஆழம் மூன்று மீட்டர், அதில் ஒரு மீட்டர் சேறு, ஒரு மீட்டர் சைக்கிள், மிச்சம்தான் தண்ணீர் என்று அந்த ஊர்க்காரர்களே கேலி செய்கிறார்கள். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் சைக்கிளுக்கு மேல் தூர் வாரி எடுக்கிறார்களாம், வேடிக்கைக்குச் சொன்னதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம்.

நாங்கள் இரண்டு முறை படகில் போனோம். முதல் முறை கண்ணாடிக் கூரை போட்ட பெரிய படகு. உள்ளே ஒரே புழுக்கம். ஜன்னல் வழியாக எடுத்த படங்களில் எல்லாம் எங்கள் முகமே விழுந்திருந்தது. மனைவியின் ஹெட்ஃபோன் எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஜெர்மனில்தான் பேசியது. என்னுடையது ஆங்கிலத்தில் ஒழுங்காகவே சொன்னது: இது பிரபுக்களின் கால்வாய், இது பேரரசரின் கால்வாய், இது இளவரசரின் கால்வாய், பதினேழாம் நூற்றாண்டு வளையம், 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வியாபாரிகள் வாசனைப் பொருளால் செல்வம் சேர்த்தார்கள் என்று ஒரு வாக்கியம். அத்தோடு சரி. உங்கள் கட்டுரையும் ஏறக்குறைய அந்த ஹெட்ஃபோன் சொன்னதைத்தான் சொல்கிறது.

இரண்டாவது முறை மகள் ஒரு சின்னத் திறந்த படகில் அழைத்துப்போனாள். பத்துப் பேர் உட்காரலாம். பேட்டரியில் ஓடுவதால் சத்தமே இல்லை. ஓட்டிய இளம்பெண்ணே பேசிக்கொண்டும் வந்தார். "பாலத்துக்குப் பாலம் தலையைக் குனியணுமா?" என்று மனைவி கேட்டதற்கு, குனிய வேண்டியது நாற்காலியில் ஏறி நிற்பவர்கள்தான் என்று சிரித்தார். படகு வீடு ஒன்றின் கூரையில் சாம்பல் நாரை ஒன்று, வீட்டுக்காரரே தான்தான் என்பதுபோல் நின்றுகொண்டிருந்தது. ரெகுலியர்ஸ் கால்வாய் முனையில் படகை நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பாலங்களின் வளைவுகள் ஒரே வரிசையில் தெரிவதைக் காட்டினார். கரையில் நடந்து போகிறவனுக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் ஒரு மர உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, முனையில் இரும்புக் கொக்கி. நம் ஊர்க் கிணற்றுக் கப்பி மாதிரிதான். வாசல் அகலத்துக்கு வரி போட்டதால் வீடுகள் குறுகலாயின என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள், உங்கள் கட்டுரையிலும் இருந்தது. எனக்கு அதைவிடக் கொக்கிதான் முக்கியமாகப் பட்டது. படகில் வந்த மூட்டையைக் கயிறு கட்டி மேலே இழுத்து, பரணில் அடுக்கியிருக்கிறார்கள். இழுக்கும்போது மூட்டை சுவரில் உரசக் கூடாதே, அதற்காக வீட்டின் முகப்பையே கொஞ்சம் தெருப்பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். மாடிப்படி குறுகல் என்பதால் இன்றைக்கும் கட்டில், பீரோவை ஜன்னல் வழியாகத்தான் ஏற்றுகிறார்களாம். மனிதர்களை விடச் சரக்கை மனத்தில் வைத்துக் கட்டிய ஊர் என்று தண்ணீரில் இருந்து பார்த்தால்தான் புரிகிறது.

சரி, அந்த மூட்டைகளில் என்ன இருந்தது?

நான் பொன்னேரிக்காரன். பழவேற்காடு கூப்பிடு தூரம். ஆம்ஸ்டர்டாமில் இந்தக் கால்வாய் வளையத்தை வெட்ட ஆரம்பித்த அதே 1613-இல்தான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் விற்றவர்கள் வெள்ளிக்காசை விட நம் கரைத் துணியைத்தான் விரும்பிக் கேட்டார்கள். துணி இல்லாவிட்டால் கிராம்பு இல்லை. சோழமண்டலக் கரையை மொலுக்கஸின் இடது கை என்று டச்சு அதிகாரி ஒருவர் எழுதியது அதனால்தான். பிறகு அந்தத் துணி ஐரோப்பாவுக்கும் போய், டச்சுப் பெண்கள் உடுத்தும் 'சிட்ஸ்' ஆனது. நம் பாட்டிமார் சீட்டித்துணி என்று சொல்வார்களே, அதுதான். 1658-இல் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடம் இருந்து பிடித்தார்கள். அப்புறம் தலைமையிடத்தையே அங்கே மாற்றினார்கள்.

துணியோடு கதை முடிந்தால் நல்லது. ஹேரன் கால்வாயில், அதாவது அந்தப் பிரபுக்களின் கால்வாயில், 502-ஆம் எண் வீட்டின் முன் படகு வந்தபோது ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். அது இன்று நகர மேயரின் இல்லம். 1672-இல் அதைக் கட்டிக்கொண்டவர் அடிமை வியாபாரத்தில் ஈடுபட்டவர் என்று வாசலில் ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். 2021 ஜூலை 1 அன்று மேயர் நகரத்தின் சார்பில் மன்னிப்பும் கேட்டார். ஓட்டுநர் தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாமைப் பற்றிச் சொன்னார், ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொன்னார். பஞ்சத்தில் வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாமல் விற்கப்பட்ட நம் கரை மக்களும் பழவேற்காட்டில் கப்பலேற்றப்பட்டு பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போனார்கள். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கே நான் சொல்லிக்கொடுத்ததில்லை. முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான்.

உங்கள் கட்டுரை தமிழ்ப் பத்திரிகையில் வந்தது. அதில் பழவேற்காடு என்ற ஒரு சொல் கூட இல்லாததுதான் என் குறை. அடுத்த பகுதி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். இடம் இருந்தால் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் படம் ஒன்றைச் சேருங்கள். வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும், படம் நன்றாக வரும். கோட்டையைத் தேடிப் போகச் சொல்லி வாசகர்களை அலைய விட வேண்டாம், மேடும் புதரும்தான் மிச்சம்.

அந்தத் தோட்டத்துக் கல்லறை ஒன்றின் படம் என் போனில் இருந்தது. படகு கரை சேர்ந்ததும் ஓட்டுநரிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, 'இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்' என்று பழைய டச்சை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். கடற்காற்று அரித்த வரி ஒன்றில் நின்றுவிட்டார். கரையில் அடுத்த உலாவுக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. ஒரு நிமிடம் என்று அவர்களுக்குக் கை காட்டிவிட்டு, மறுபடி முதல் வரியில் இருந்து படித்தார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
பொன்னேரி.