காலேஜ் சீட்டுக்கு முன்னால், அத்தானுக்கு

அன்புள்ள அத்தான்,

பிளஸ் டூ முடித்ததும் பையனை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று போனில் கேட்டீர்கள். நாகர்கோவிலைச் சுற்றிக் காலேஜுக்கா பஞ்சம்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நம் பையனுக்கு இருக்கிற ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் காலேஜ்களில் 5 சதவீத ஒதுக்கீட்டில் கேட்கலாம். சீட்டுக்கு வழி இருக்கிறது. தக்கலையிலிருந்து அவன் எப்படிப் போய் வருவான் என்பதுதான் என் கவலை.

பதினாறு வயதுப் பையனுக்கு அக்கா இன்னும் சோப்பு போட்டு விடுகிறாள். அவளிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். குளிக்கிற வரிசையைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். கொஞ்ச நாள் பாத்ரூம் முழுக்கத் தண்ணீராகும், ஆகட்டும். கதவைச் சாத்திக் குளிப்பது வெட்கத்துக்காக மட்டும் இல்லை. தன் உடம்பை யாரும் தொடலாம் என்று பழகிய பிள்ளை, நாளைக்கு வேறொருவன் தொட்டாலும் வீட்டில் வந்து சொல்லாது. ஷேவிங் உங்கள் பொறுப்பு. டிரிம்மர் சத்தம் அவனுக்கு ஒத்துவருகிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் பஸ். முதலில் பக்கத்தில் உட்காருங்கள், பழகியதும் பின் சீட்டுக்குப் போங்கள், அதற்கப்புறம் நாகர்கோவில் வடசேரியில் இறங்குமிடத்தில் போய் நில்லுங்கள். டிக்கெட்டை அவனே வாங்கட்டும். பஸ் வராவிட்டால், வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துப் பழக்க வேண்டும். அவன் தடுமாறுவது அங்கேதான். உங்கள் நம்பர் எழுதிய அட்டை பையில் இருக்கட்டும்.

பதினெட்டு ஆனதும் கார்டியன் பேப்பர், அதாவது சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்கிற ஆவணம், கட்டாயம் என்று யாரோ அக்காவைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். கட்டாயமெல்லாம் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழு கார்டியனை நியமிக்கலாம். உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது நல்ல ஏற்பாடு. பிடித்தது பிடிக்காததைத் தெளிவாகக் காட்டுகிற நம் பையனுக்கு அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அவனிடம் கேட்டுவிட்டதாகச் சொன்னீர்களே, எப்படிக் கேட்டீர்கள்? "பிசிஏவா பிகாமா" என்றால் பிகாம் என்பான். திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பிசிஏ என்பான். கடைசியாகக் காதில் விழுந்ததைத்தான் சொல்கிறான். ஒவ்வொரு இடத்தையும் கூட்டிப்போய்க் காட்டி, போட்டோ எடுத்து, ஒரு வாரம் கழித்துப் படங்களைப் பரப்பி வைத்துக் கேளுங்கள். காலேஜோடு நிறுத்த வேண்டாம். மார்த்தாண்டத்தில் தேன் பாட்டிலில் அடைக்கிற இடம் ஒன்றையும் காட்டலாம். லேபிள் ஒரு நூல் கோணினாலும் பிரித்து ஒட்டுகிற பிள்ளை அவன். தோவாளைப் பூச்சந்தை மட்டும் வேண்டாம், அந்த இரைச்சல் எனக்கே ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மார்த்தாண்டத்துக்கு நானே கூட்டிப்போகிறேன். அக்காவை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தியாள்